படத்தில் இல்லாத வீடு

பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் பிழைப்பு. முந்தானை மயிலானாலும் கரையில் ஓடும் கொடியானாலும், எங்கள் தொழிலில் முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில்தான் பிறக்கும். கை அப்படியே பழகிவிட்டது. விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து தேவாலயத்தில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு நம் சீமையின் அழகை வரிசையாகப் படம் வரைந்து கொடுக்கும்படி எங்கள் சபைப் போதகர் கேட்டபோதும், நான் கிராஃப் தாளைத்தான் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அதில் வரைந்து வந்து வீட்டில் கேன்வாஸுக்கு ஏற்றுவேன்.

போளூர் மலை, சேத்துப்பட்டுச் சாலையின் புளியமரங்கள் எல்லாம் நன்றாகத்தான் வந்தன. வெம்பாக்கம் பக்கம் போன அன்றுதான் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நெல் கதிர் பிடித்து நின்றது, அத்தனை அழகு. ஆனால் வயலில் ஓர் ஆளில்லை. வரப்போரம் புதிதாக நட்ட கற்கள், தலையில் சிவப்புப் பெயிண்ட். அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வரைந்தேன்.

திடீரென்று தாளில் நிழல் விழுந்தது. முன்கோபக்காரி நான், வெளிச்சத்தை மறைப்பது யாரென்று எரிந்து விழுந்தபடி திரும்பினேன். ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் என் தாளில். அவர்கள் வயல், அவர்கள் கிணறு, மரத்தடியில் ஓர் ஓட்டு வீடு, எல்லாம் கட்டத்துக்குள் கட்டமாக.

கம்பெனிக்கு இடம் எடுக்கப் போவதாகச் சொல்லிச் சில நாட்களுக்கு முன்புதான் யாரோ வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்களாம். நான் அவர்களுடைய ஆள், இது அவர்களுடைய மேப் என்று நினைத்துவிட்டார்கள். புடவை, சபை, பண்டிகை என்று என்னென்னவோ உளறினேன். நம்பினார்களோ இல்லையோ, ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அந்த ஓட்டு வீட்டுக்காரி மட்டும் நகரவில்லை. என்னைவிடச் சின்னவள். தாளில் இருந்த தன் வீட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இத்த மட்டும் அழிச்சிடுங்கக்கா. படத்துல இல்லன்னா அவங்க கண்ணுல படாது இல்ல? புள்ளைங்கள வச்சிகினு நான் எங்க போவேன்?"

இது வெறும் படம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரலை எடுப்பதாக இல்லை. இனி எந்தப் படத்திலும் அது வராது என்று சொல்லி, அவள் பார்க்கவே ரப்பரை எடுத்து அழித்தேன். வீட்டுக்கு வந்து கேன்வாஸிலும் அதைப் போடவில்லை. மரத்தடியில் புல்லை மட்டும் தீட்டினேன். அந்த இடம் மட்டும் வெறிச்சென்று தெரிந்தது. ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான்.

பண்டிகையன்று பூசணியும் வாழைத்தாரும் சேவலும் ஏலம் போனபிறகு என் படங்கள் வந்தன. எந்தப் படம் எந்த இடம் என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டு வைத்துக்கொண்டு போதகரே ஏலம் கூறினார். வெம்பாக்கம் படத்துக்குத்தான் பலத்த போட்டி. ஊர் ஊராக மனை போட்டு விற்கிற ஒருவர் விடாப்பிடியாக நின்று அதை எடுத்தார். சபையே கைதட்டியது. பொய் சொல்வானேன், எனக்கும் தலைகால் புரியவில்லை.

அவர் படத்தைக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வூடு வாசல் ஒண்ணுமே இல்ல. எவ்ளோ எடம் சும்மா கெடக்குது. எங்க இருக்குதுங்க இது?"

நான் வாயைத் திறப்பதற்குள், போதகர் பெருமையோடு அவருக்கு வழி சொல்ல ஆரம்பித்திருந்தார்.