ஜீப்பின் இடது பக்கத் தரை

ஜீப் வாங்கிப் பூசை போட்ட அன்றே ஒரு சட்டம் போட்டேன். செருப்போடு யாரும் உள்ளே காலை வைக்கக் கூடாது. முன்னால் முருகன் படம் இருக்கிறது என்பது நான் சொன்ன காரணம். புது பெயிண்டில் கீறல் விழக் கூடாது என்பது உண்மைக் காரணம். சேற்றில் இறக்குவதற்கென்றே ஒரு வண்டியை வாங்கிவிட்டு, அதற்குள் செருப்புக்குத் தடை போட்டவன் கோவிலம்பாக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நண்பர்கள் சிரித்தார்கள், கழற்றவில்லை. என் மனைவி மட்டும் ஏறும்முன் கழற்றி, பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள்.

அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை கடைத்தெருவில் ஒரு செருப்பு நழுவியது தெரியாமல் பாதித் தெரு நடந்து வந்துவிட்டாள். 'ஒத்தைச் செருப்பு மகாராணி' என்று ஒரு மாதம் கேலி செய்தேன். வெறுங்காலோடு இருக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்ததை இருவரும் கேட்டோம், கேட்டதோடு சரி.

கல்லில் இடிக்காமல் இருக்கச் சைலன்சரைத் தூக்கிக் கட்டவேண்டும் என்று வண்டியைப் படப்பையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். இடது பக்கத் தரைத் தகட்டை ஒட்டினாற்போல் குழாயைக் கொண்டுபோனார். கழுவ வசதியாக இருக்குமென்று ரப்பர் விரிப்பையும் நான் எடுத்துவிடச் சொன்னேன்.

"மேல தூக்கிட்டோம் சார், சூடு நேரா ஃப்ளோருக்குத்தான் வரும். நடுவுல ஒரு தகடு வுடணும். விரல் நுழையுற மாரி கேப் வுட்டு அடிக்கணும். ரெண்டு நாள் வண்டி இங்க கெடக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை வெளிய போறோம்ணா. வந்து பாத்துக்கலாம்."

"ஓடிகினு இருந்தா காத்து வாங்கிக்கும் சார். நின்னாதான் பேஜாரு."

ஞாயிறு மதியம் ஏரிப்பக்கம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது.

"கீழ சுடுதா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லங்க, நல்லாத்தான் இருக்கு."

அந்த ஆள் சும்மா வேலையை இழுக்கப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பாதத்தின் நிலைமை எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும், "தரையில தண்ணி சிந்தியிருக்கு, பாத்து வாங்க, வழுக்கப்போகுது" என்றாள். வாசலிலிருந்து அவள் நின்ற இடம்வரை ஈரத் தடம் இருந்தது. அவள் வலது காலில் கொப்புளம் உடைந்து வழிந்த நீர் அது.

புண் ஆறவில்லை. இரண்டு மாதம் கட்டுமேல் கட்டாகப் போட்டு, கடைசியில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருவதற்குமுன் ஒருநாள், வாசலில் ஜீப்பை ஓடவிட்டு, அவள் இருக்கையில் வெறுங்காலோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காலை வைத்திருக்க முடியவில்லை, எடுத்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வண்டியைப் படப்பைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் விரல் நுழையும் இடைவெளி விட்டுத் தகட்டை அடித்துக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு, முதல் தடவையாகக் கட்டுப் பிரிக்கக் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய செருப்பைப் போட்டிருந்தாள். ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து அதன் பட்டையைப் பிரிக்கப் பார்த்தாள்.

"வேணாம், அப்படியே ஏறு."

"சாமி படம் இருக்குங்க."

அன்றுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"பெயிண்டுக்கா?" என்று கேட்டாள்.