தாமசுக்குப் போன கேரியர்

இன்று மதியம் அல்சூர் கடைத்தெருவில் ஜட்காவை விட்டு இறங்கியதும் காபி குடிக்க வேண்டும் போலிருந்தது. பெண்கள் உட்காரத் தனியாகத் தடுப்பு வைத்த ஓட்டலாகப் பார்த்து நுழைந்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பரிமாறுபவர், "இன்னொந்து வடை பேக்கா, சார்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"சாம்பார்ல போட்டுக் கொண்டாப்பா" என்றது என் கணவரின் குரல்.

காலையில்தான் ஃபாக்டரிக்குக் கேரியர் கட்டிக் கொடுத்திருந்தேன். தினமும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. எழுந்து போய் அவர் எதிரில் நின்றேன்.

"என் சாப்பாடு பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேங்க."

பிட்ட வடை அவர் கையிலேயே நின்றது.

"தாமசு சாப்பிடறான். சம்சாரம் தவறிப்போனதிலிருந்து ஓட்டல்லயே சாப்பிட்டு வயித்துல புண்ணு. காரம் ஆவாதாம். சொன்னா உனக்கு வேலை கூடுமேன்னுதான் சொல்லல."

லிங்கராஜபுரத்துத் தாமஸ் இவருடன் வேலை செய்பவர். தீபாவளிக்கு மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தார். அவள் சிரித்த முகம் நினைவுக்கு வந்ததும் என்னால் கோபப்பட முடியவில்லை.

"என் குழம்பும் காரந்தானேங்க?"

"மோர் ஊத்திப் பெசஞ்சுப்பான்."

கேட்கவே கஷ்டமாக இருந்தது. நாளை முதல் தாமசுக்கு மிளகாய் சேர்க்காமல் தனிக் கேரியர்.

அதெல்லாம் சரி. அதன் பிறகு இவர் அந்த சாம்பார் வடையை ரசித்து முடித்ததையும் உட்கார்ந்து பார்த்தேன். இவருக்குக் கட்டும் கேரியரை இனி யார் சாப்பிடப் போகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.