மூடுபனியில் பெயர் கூப்பிடும் விதி

கட்டட வேலையில் மேற்பார்வை பார்த்து நொந்தவர்களே, சாரத்தில் ஏறின ஆள் முழுசாக இறங்கும்வரை நமக்குச் சோறு இறங்காது. ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு விடுதிக்கு மாடி எழுப்பினோம். அங்கே நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

வருகைப் பதிவேடு

பாலசமுத்திரத்திலிருந்து வள்ளியம்மா என்ற சித்தாள் வந்து சேர்ந்தாள். கொத்தனாரான அவள் புருஷன் மறுநாள்தான் வருவதாக இருந்தது. அவர் பெயரைக் கேட்டேன். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். விடாமல் கேட்டதும் மலைக்குக் கீழே கையைக் காட்டினாள். "அந்தா, நம்ம முருகன் ஊரு இருக்குல்லங்க, அது பின்னால ஒரு சாமியச் சேத்து எழுதிக்கோங்க."

நாலு பதில்கள்

கொடைக்கானல் மூடுபனி நம்மிடம் கேட்டுக்கொண்டு வராது. அதனால் ஒரு விதி போட்டேன். பனி மூடினால் மேலே இருப்பவர்கள் அப்படியே உட்கார வேண்டும். கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, மேலிருந்து பதில் வர வேண்டும். முதல் நாளே வள்ளியம்மா "ஏங்க!" என்றாள். நாலு கொத்தனார்கள் "என்ன?" என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உயிர் போகிற விஷயம், பழனிச்சாமி என்று கூப்பிட்டால் என்ன என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிரும்ங்க. நீங்களும் அவுக ஆயுசுக்குத்தானே இம்புட்டுப் பாடுபடுறீங்க?"

ஒரு பலகை

வேலையில் இறங்கிவிட்டால் பழனிச்சாமிக்குச் சோறு தண்ணி தெரியாது. ஒரு மத்தியானம் பனி இறங்கியும் அவர் உட்காரவில்லை. கலவை இறுகுவதற்குள் மிச்சக் கல்லை வைத்துவிட நினைத்து, சாரத்தின் மறுகோடிக்கு நடந்தார். நடுவில் ஒரு பலகையை யாரோ எடுத்திருந்தார்கள். கலவைச் சட்டியோடு ஏணியில் நின்ற வள்ளியம்மாவுக்கு அந்த இடைவெளி தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. "ஏங்க!" என்று அலறினாள். வேறு யாரோ "என்ன?" என்றார்கள். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"பழனிச்சாமீ!"

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டிராத மனிதர், திகைத்து அப்படியே நின்றுவிட்டார். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் கீழே கருங்கல் குவியல். நானே ஏறி அவரைக் கைப்பிடித்து இறக்கினேன். வள்ளியம்மா மணலில் உட்கார்ந்து, "சொல்லிட்டேனே, என் வாயால சொல்லிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழாத புள்ள. நீ சொன்னதாலதான் உசுரோட இருக்கேன். எங்க, இன்னொருக்கா சொல்லு."

அந்த வேலை முடியும்வரை என் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் பழனிச்சாமி ஒருவர்தான்: பனி இறங்கியதும் உட்கார்ந்துவிடுவார், வெறும் "ஏங்க"வுக்குப் பதிலே சொல்ல மாட்டார்.