பாலைவனத்திலிருந்து வந்த அண்ணை

இன்று காலை மகள் தன் பள்ளிக்கூடச் சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்த துணியில் ஸ்திரிக்கைப் பெட்டி படும்போது ஒரு மணம் எழும்புமே, பாதி சோறு வடிக்கிற மணமும் பாதி வெயில் மணமுமாக, அது குசினி வரைக்கும் வந்தது. நான் கத்தியை வைத்துவிட்டுப் போய் அவளருகில் நின்றேன். "என்னம்மா, எரிச்சுப்போட்டனோ?" என்று கேட்டாள். இல்லை, நீ மினுக்கு, நான் சும்மா நிற்கிறேன் என்றேன். நாற்பதை எட்டப்போகிற ஒரு மனுசி ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா நிற்பதை அவள் ஒரு மாதிரித்தான் பார்த்தாள்.

அந்த மணம் எனக்கு என் அண்ணை அருளுடைய மணம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர்காவற்றுறை வீட்டின் சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, அவர் என் சேலையை மினுக்குவார். அப்போது அவர் ஒரு பட்டாளத்துக்காரர். இந்த நாட்டுப் பட்டாளம் இல்லை. பிரான்ஸ் நாட்டில் வெளிநாட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்கிற ஒரு படை. சண்டைக்காலத்தில் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று அவரை அனுப்பிவைத்திருந்தோம். அங்கே போய் அகதி விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் தானாகவே போய்த் துவக்கைத் தூக்கிவிட்டார். "எதுக்குப் பயந்து அனுப்பினமோ அதையே அங்கை போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் கவலைப்பட்டார்.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின், ஆபிரிக்கப் பாலைவனம் ஒன்றில் நீண்ட காலம் நின்றுவிட்டு, அண்ணை லீவில் வீட்டுக்கு வந்தார். நான் எழுவைதீவில் புதிதாக ஆசிரியர் வேலை கிடைத்து, தினமும் காலையில் படகேறிப் போய் வந்துகொண்டிருந்தேன். புது ஆசிரியை அல்லவா, கஞ்சி போட்ட பருத்திச் சேலை இல்லாவிட்டால் பிள்ளைகள் மதிக்கமாட்டார்களென்று எனக்கு ஒரு எண்ணம். அண்ணை வந்த மறுநாளே அந்தச் சேலைகளைப் பறித்துக்கொண்டார். "அங்கை சட்டையிலை மடிப்பு எங்கை விழவேணுமெண்டு அளந்து பாப்பினம். பிழைச்சால் திரும்பவும் முதலிலை இருந்து" என்றார். அவர் மினுக்கிய சேலையின் கரையில் விரல் வைத்தால் வெட்டிவிடும் போலிருக்கும். அதை உடுத்திக்கொண்டு ஜெற்றிக்குப் போவேன். படகு புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் முதல் அலை வந்து என் மடிமேல் ஏறி இருக்கும். பின்னேரம் நான் கசங்கிப்போய் அவர் முன்னால் வந்து நிற்பேன். மறுபடி போர்வையை விரிப்பார்.

வீட்டில் இருப்பதை ஒரு மனிதர் அப்படி அனுபவிக்க முடியும் என்று நான் அதற்கு முன் அறிந்ததில்லை. எங்களுக்குக் கண்ணில் படாத பொருட்களெல்லாம் அவருக்குப் பட்டன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டும். அந்த உவர்த் தண்ணீரை வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, நிறுத்த மனமில்லாமல் நிற்பார். அம்மா கடைக்கு அனுப்பினால் உப்பு மட்டும் வாங்கி வருவார். நெருப்புப்பெட்டிக்கு இன்னொரு தரம் போவார். எல்லாவற்றையும் ஒரேயடியாய்ச் சொல்லலாமே என்று நான் அம்மாவிடம் சொன்னபோது அண்ணை தடுத்தார். "விடு. என்னைக் கடைக்கு அனுப்ப ஒரு ஆள் இருக்கிறா. அதுக்குத்தானே வந்தனான்."

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது கதவு. மத்தியானத்தில் ஆராவது படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவரே ஓடிப்போய்த் திறப்பார். கூடாரத்தில் நாட்கணக்காய்க் கிடந்தவருக்கு ஒருவர் வெளியில் நின்று கூப்பிடுவதும், உள்ளேயிருப்பவர் போய்த் திறந்து வாருங்கோ என்று சொல்வதும் பெரிய கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். வந்தவர் பாய் பின்னிக் கொண்டுவந்த அக்காவாய் இருந்தாலும் சரி, மின்சார மீற்றர் வாசிப்புக்காரராய் இருந்தாலும் சரி, கதிரை இழுத்துப் போட்டு இருத்திவிடுவார்.

அந்தக் கொண்டாட்டத்தில் சேராமல் இருந்தவர் எங்களைப் பெற்ற ஐயா.

ஐயாவுக்குக் களங்கண்டித் தொழில். ஆழமில்லாத கடலில் தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டினால், மீன் அந்த வலையோரமாகவே போய்க் கடைசியில் பட்டிக்குள் அடைபடும். விடியற்காலையில் போய் அள்ளி வரவேண்டும். சண்டைக்காலத்தில் ஒரு காலை, கரையில் நின்றவரைச் சீருடைக்காரர் சிலர் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆர், ஏன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. சவ்வு கிழிந்துவிட்டது, தண்ணீர் உள்ளே போனால் தலை சுற்றி விழுவீர், இனி முழுகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எந்தச் சீருடையையும் ஐயா நிமிர்ந்து பார்த்ததில்லை. தபால்காரர் வந்தாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கையை நீட்டுவார். அண்ணை சீருடையோடு எடுத்து அனுப்பிய படத்தை அம்மா அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தது அதனால்தான்.

ஐயா சண்டை பிடிக்கவில்லை. அண்ணையிடம் நேரே கதைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் முன்னால் இருக்கும்போதே அம்மாவிடம், "சாப்பிட்டவனோ எண்டு கேள்" என்பார். அம்மா திரும்பி, "சாப்பிட்டனியோ?" என்பார். அண்ணை, "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பிப் போவேன். சிரிக்கிற விஷயமில்லை என்று பிறகுதான் உறைக்கும்.

தவக்காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து வந்து நால்வரும் மரக்கறிச் சாப்பாட்டுக்கு இருந்தோம். ஐயா திடீரென்று அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"அங்கை, உன்னைக் கண்டால் சனம் பயப்பிடுமோ?"

அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. அந்தச் சனத்தைக் காப்பாற்றத்தானே அண்ணை போனவர் என்று சொல்லியிருப்பேன். ஆசிரியையின் பதில். அண்ணை பிசைந்த சோற்றைத் திரும்ப வைத்தார்.

"ஓம் ஐயா. பயப்பிடும்."

"என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யாது. கதைச்சுக்கொண்டு நிண்டால் கதையை நிப்பாட்டிப்போடும். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும், நாங்கள் போகுமட்டும்."

ஐயா அப்போது அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நின்றதென்று சொல்லத் தெரியவில்லை. அண்ணை பார்வையை விலக்கவில்லை. பிறகு ஐயா சோற்றைக் குழைத்தபடி, "வலையெல்லாம் சாதாளை சுத்திக் கிடக்கு. தனிய இழுக்க ஏலாது. காலமை வாறியோ?" என்றார். சாதாளை என்பது கடலடியில் புல்போல வளர்வது.

"வாறன் ஐயா."

அடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகக் கடலுக்குப் போனார்கள். என் படகு அந்தக் களங்கண்டிக்குப் பக்கத்தால்தான் போகும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை. கடல் பரப்பிய கண்ணாடிபோலக் கிடந்த நாட்கள். தண்ணீரில் நெஞ்சளவில் நிற்கிற இரண்டு தலைகளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அண்ணை கையைத் தூக்குவார். ஐயா தூக்கமாட்டார். ஆனால் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு காலை ஐயாவே கையைத் தூக்கினார். தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். எங்கள் படகோட்டி யேசுதாசண்ணை எஞ்சினைத் தணித்தார். "என்ன, ஆருக்கும் ஏதுமோ?" என்று கூப்பிட்டார். ஐயா வலையின் மூலையைக் காட்டினார். அந்த இடம் கொஞ்சம் தாழ்வு, ஆள் மூழ்கும். அங்கே தண்ணீருக்குள் மாட்டைவிடப் பெரிதாக ஒன்று சாம்பல் நிறத்தில் புரண்டது.

"ஆவுளியா" என்றார் யேசுதாசண்ணை, கோயிலுக்குள் கதைப்பது போன்ற குரலில். எஞ்சினை முழுதாக நிறுத்திவிட்டார்.

கடற்பசு என்று புத்தகத்தில் படிப்பித்திருக்கிறேன். படமும் கீறியிருக்கிறேன், இப்போது நினைத்தால் அது மீசை வைத்த பூசணிக்காய். உயிரோடு கண்டது அன்றுதான். வால் வலையில் சிக்கி, தலையை மேலே தூக்க முடியாமல் அது திணறிக்கொண்டிருந்தது. நம்மைப்போல அதுவும் காற்றைத்தான் மூச்செடுக்க வேண்டும். வலைக்கு வெளியே ஒரு குட்டி, தாயின் பக்கமாக வந்து வலையில் முகத்தை உரஞ்சுவதும் விலகுவதுமாக நின்றது. படகில் இருந்த தாதியக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

அண்ணை கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு மூழ்கினார். வந்தார். மூச்செடுத்தார். மறுபடி மூழ்கினார். வலை ஒரு பக்கம் தளர்ந்தது. அப்போது அந்த உயிர் தன் முழுப் பலத்தோடு ஒரு உதறு உதறியது. தடிகள் இரண்டு முறிந்த சத்தம் கேட்டது. தண்ணீர் கலங்கிச் சேறானது. அண்ணை மேலே வரவில்லை.

"அருள்" என்று ஐயா கூப்பிட்டார்.

அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. அவ்வளவு உரத்த குரல் அவரிடம் இருக்கிறதென்பதே எனக்குத் தெரியாது. இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால், முழுகக்கூடாத அந்த மனிதர் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யேசுதாசண்ணை சட்டையைக் கழற்றிப் படகின் விளிம்பில் கால் வைத்துவிட்டார். அதற்குள் சேற்றுத் தண்ணீரைப் பிளந்துகொண்டு இரண்டு தலைகள் எழும்பின. அண்ணையின் காலைச் சுற்றிய வலையை ஐயா அறுத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருமினார்கள். அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் மூன்றாவதாக ஒரு முகம் எழும்பியது. அகன்ற, முடி முளைத்த, வடிவில்லாத ஒரு முகம். மூக்குத் துவாரங்கள் இரண்டும் மூடி திறப்பதுபோலத் திறந்தன. அது விட்ட மூச்சு எங்கள் படகு வரை கேட்டது. பெரிய ஒரு மனிதர் நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு விடுகிற மூச்சுப்போல இருந்தது. ஐயா கையை நீட்டி அதன் முதுகைத் தொட்டார். அது ஓடவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, முறிந்த தடிகளுக்கு நடுவால் வெளியே போனது. குட்டி அதன் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஐயாவால் நிற்க முடியவில்லை. உலகம் சுற்றியிருக்கும். அண்ணை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீருக்குள்ளால் தங்கள் வள்ளத்தை நோக்கி நடந்தார். ஐயா கண்ணை மூடியபடி கேட்டார்.

"குட்டியும் போயிட்டுதோ?"

"ஓம் ஐயா. தாயும் குட்டியும் போயிட்டுது."

அன்று நான் பிந்திப் போனதற்கு அதிபர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் நம்பினார்கள். அன்று கணக்குப் படிப்பிக்க விடவில்லை. குட்டி எவ்வளவு பெரிசு என்று கையை விரித்து விரித்துக் காட்டச்சொன்னார்கள்.

ஐயா ஒரு கிழமைக்கு மேல் பாயோடு கிடந்தார். காதுக்கு மருந்து விட்டது, கஞ்சி பருக்கியது, கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அண்ணைதான். மத்தியானங்களில் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருப்பார்கள். கேட்கிற காதுப் பக்கமாக அண்ணை படுத்துக்கொண்டு பாலைவனத்தின் கதைகளைச் சொல்வார். ஐயா "ம்" கொட்டுவார். உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள் ஐயா தன் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, "இதையும் ஒருக்கால்" என்றார். மறுநாள் பூசையில் அந்த மடிப்புகள் கலையாமல் இருக்க அவர் முதுகைச் சாய்க்காமலே இருந்ததைக் கண்டு அம்மாவுக்கும் எனக்கும் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

அண்ணை திரும்பிப் போனார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் படையை விட்டு விலகி, இப்போது பிரான்சின் தெற்கே ஒரு ஊரில் பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவர். நான் கலியாணம் முடித்து வவுனியாவுக்கு வந்தேன். ஐயா காலமாகிச் சில வருடங்களாகின்றன. அம்மா என்னோடு இருக்கிறார். ஊர்காவற்றுறைக்குப் போனால் கடலைப் பார்க்கிறேன். அக்கரையிலிருந்து வருகிற பெரிய இழுவைப் படகுகள் அடியோடு வழித்துப்போய், சாதாளை நின்ற இடம் பல திட்டுகளில் வெறும் சேறாகிவிட்டதாம். ஆவுளியாவைக் கண்டவர் எவரையும் நான் அண்மையில் சந்திக்கவில்லை. யேசுதாசண்ணையிடம் கேட்டேன். "தின்ன ஒண்டும் இல்லாத இடத்துக்கு அது ஏன் பிள்ளை வரும்?" என்றார்.

போன மாதம் அண்ணையோடு கதைக்கும்போது, அன்று தண்ணீருக்குள் ஐயா கூப்பிட்டது கேட்டதா என்று கேட்டேன். "கேட்டது" என்றார். ஐயாவின் படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. குரலைப் பதிந்துவைத்தது ஒன்றுமில்லை. காது கேளாதவர் என்று தொலைபேசியை அவர் கையில் கொடுக்காமலே விட்டுவிட்டோம். அம்மப்பா எப்படிக் கதைப்பார் என்று மகள் கேட்டால், "அருள்" என்று அவரைப்போலக் கூப்பிட்டுக் காட்டிப் பார்க்கிறேன். எப்படிக் கூப்பிட்டாலும் அது என் குரலாகவே இருக்கிறது.