கந்தக வீரனின் அப்பா

தாவீதுராஜ் வென்றவை இவை. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் இடது காலைப் பிடித்தபோது, இவன் நடக்க மாட்டான் என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள்; நாலரை வயதில் பாளையம்பட்டியிலிருந்து சர்ச்சுக்கு நடந்தே போனான். பதினெட்டு வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று மில்லில் திருப்பி அனுப்பினார்கள். இருபதில் அருப்புக்கோட்டையில் ஒரு சினிமா தியேட்டருக்கு எதிரே சொந்தமாகப் பெட்டிக்கடை வைத்தான். முறுக்கு, கடலை மிட்டாயோடு காமிக்ஸ் புத்தகங்களையும் கயிற்றில் தொங்கவிட்டு வாடகைக்குக் கொடுத்தான். எழுத்து வாசனையே இல்லாதவன் ஆறு வருசம் புத்தகக் கடை நடத்திப் பேர் வாங்கினானே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது, கடைக்கு வந்து போகிறவர்களில் அவனுடைய அக்கா பிலோமிக்கு மட்டுந்தான் தெரியும்.

இரண்டாம் வகுப்பில் வாத்தியார் அவனைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். வாய் திறக்கவில்லை. வகுப்பே சிரித்தது. அன்று ஓடியவன் இரண்டு நாள் வீடு வரவில்லை. மூன்றாம் நாள் கருவேலங்காட்டுக்குள் இருந்த பாழுங்கிணற்றின் விளிம்பில், காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பிலோமிதான் கண்டுபிடித்தாள். "கீழயே பாத்துக்கிட்டு இருந்தேங்க்கா" என்றான். அதை அவள் அம்மாவிடங்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவனும் பள்ளிக்கூடம் போகவில்லை. யாராவது அவனைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தால் பிலோமி அவன் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

கடையில் அவன் அட்டைப் படத்தை வைத்தே புத்தகத்தை அடையாளம் கண்டுகொள்வான். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கதையும் சொல்வான். கட்டம் கட்டமாகப் படத்தைப் பார்த்து அவனாகக் கட்டிய கதைகள். அதிலே கந்தக வீரன் கதைக்குத்தான் கூட்டம் கூடும். ஒரு பக்கத்தில் நரைத்த தாடிக் கிழவர் ஒருவர் வீரனின் தோளை அணைத்து நிற்பார். "தொலைஞ்சு போன அப்பா இவுகதான்" என்று தாவீது சொன்னபோது பூக்கார அழகுத்தாய் அழுதே விட்டாள். பிலோமி ஐந்தாவது வரை படித்தவள். அந்தப் பக்கத்தை வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். கிழவர் அப்பா இல்லை. வீரனின் ஊரை எரித்த மந்திரவாதி. அவனிடம் இதை எப்படிச் சொல்வது? பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

கந்தக வீரன் சினிமாவாக வந்து, தமிழில் டப்பிங் ஆகி எதிர்த் தியேட்டரில் ஓடியது. அதில் கிழவர் வரவில்லை. தப்பித்தோம் என்று இருந்தாள். 1990 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவளும் போனாள். கிழவர் திரையில் வந்ததும், "அப்பா வந்துட்டாருடோய்!" என்று விசில் பறந்தது. அந்தச் சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் கந்தக வீரன் கிழவரை நெருப்புக்குள் தள்ளினான். தியேட்டரே எழுந்து நின்றுவிட்டது. பிலோமி தம்பியின் கடைக்குப் போக வாசலைப் பார்த்து முண்டினாள்.

கூட்டம் நேரே தாவீதின் கடைக்கு வந்தது.

"பெத்த அப்பனையில்ல கொல்றான்! படமா இது? நாசமாப் போக" என்றாள் அழகுத்தாய்.

"மொதப் பாகத்துல சண்டை நல்லாருந்துச்சு. இதுல பறக்கையிலே கயிறு தெரியுது" என்றார் ஒரு பெரியவர்.

தியேட்டர் மேனேஜர் ராமசுப்பு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "இப்படிப் பேசுனா அடுத்த ஆட்டத்துக்கு எவன்யா வருவான்? கதை அப்படித்தான்."

"கதையை மாத்திப்புட்டு எங்களுக்கே சொல்றீகளா?" மில்லுக்காரன் செல்லப்பாண்டி கடைப் பலகையைத் தட்டினான். "ஏலே தாவீது, புஸ்தகத்தை எடு. அந்தப் பக்கத்தைச் சத்தமா வாசி. யாரு சொல்றது நெசம்னு பாத்துருவோம்."

தாவீது புத்தகத்தை எடுத்தான். சரியான பக்கத்தைத்தான் விரித்தான். பிலோமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "குடு தம்பி, நான் வாசிக்கேன்" என்றாள்.

"வேண்டாங்க்கா." நிமிர்ந்தான். "எனக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பாத்து நானாச் சொன்னது."

செல்லப்பாண்டி, "அட கைநாட்டுப் பயலே! ஆறு வருசமா எங்க காதுல பூவா சுத்துனே?" என்றான். சிரிப்பு கிளம்பியது. மேனேஜர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

தாவீது கடையை அடைத்தான். பாளையம்பட்டி ரோட்டில் நடந்து, பாதி வழியில் கருவேலங்காட்டுக்குள் இறங்கினான். பிலோமி பின்னாலேயே போனாள். கூப்பிட்டால் ஓடிவிடுவானோ என்று கூப்பிடவில்லை. கண்ணை எடுத்தால் மறைந்துவிடுவானோ என்று முள் குத்தியும் குனியவில்லை. கிணற்றடியில் அவன் நின்றதும் அவளுக்குக் குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"தம்பீ!"

திரும்பினான். "ஏங்க்கா இப்படி அலறுத? குறுக்கு வழின்னுதான இப்படி வாரேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள், விடவில்லை. அவன் அவள் கையைப் பார்த்தான். புரிந்துவிட்டது. அவனாகவே கிணற்றை விட்டு நாலடி தள்ளி வந்து நின்றான்.

"அந்தக் கெழவன் நெசமாவே யாருக்கா?"

"மந்திரவாதி. நாலு வருசமா எனக்குத் தெரியும்டா. சொல்லப் பயந்துட்டேன்."

தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. "மந்திரவாதின்னா அதுல என்ன இருக்கு? அப்பாவா இருந்தாத்தானே வீரனுக்குக் கஷ்டம்."

வீடு சேரும்வரை அவள் சட்டையை விடவில்லை.

மறுநாள் காலையில் அவன் கடையைத் திறந்தான். "ஏ கைநாட்டு, ஒரு முறுக்குக் குடு" என்று செல்லப்பாண்டிதான் முதலில் வந்தான். கொடுத்தான். அழகுத்தாய், "உன் கதையில சாகாம இருந்தாருல்ல, அதுவே போதும்" என்றாள். பத்து நாள் கேலி பேசினார்கள். அந்தப் பத்து நாளும் பிலோமி வேலையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பதினோராம் நாள் தாவீது, பாளையம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்தான். மேனேஜரின் மனைவியும் அங்கே படிக்க வந்திருந்தது பிலோமிக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஐந்து மாதம் கழித்து, காமிக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு தபால் அட்டை எழுதினான். பிலோமி ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. "ஐயா, இரண்டாம் பாகம் பார்த்தேன். சண்டை பரவாயில்லை. கிழவரை அப்பாவாகவே வைத்திருக்கலாம். இப்படிக்கு" என்று எழுதி, அதற்குக் கீழே தா. தாவீதுராஜ் என்று கையெழுத்துப் போட்டான். தேதி 6.3.1991, புதன்கிழமை.