பச்சை பூசிய நட்டுகள்

என் தங்கையின் கணவர் மீது எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. வீடு வாசலைப் பார்த்து வந்த பொறாமை இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டைவிடக் கிள்ளானில் என் வீடு பெரியது. பொறாமை ஒரு லோரியின் மீது. பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன மூன்று டன் லோரி. அதே மாதிரி இன்னொன்று என்னிடமும் இருக்கிறது என்பதுதான் வேதனை.

இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தவை. ராணுவம் கழித்துக் கட்டிய பிறகு ஜெஞ்சாரோமில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றி, அதற்கும் லாயக்கில்லாமல் போய் மரங்களுக்கு நடுவே துருப்பிடித்து நின்றன. கண்டுபிடித்தவன் நான். இரண்டில் நல்லதைப் பார்த்து முதலில் எடுத்தவனும் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தீபாவளிச் சாப்பாட்டின்போது அதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரமே மாப்பிள்ளை போய் மற்றதை எடுத்துவிட்டார்.

ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபோர்மன். அவர் அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வழிவழியாகப் பேனாவும் ஃபைலும்தான். என் பக்கம் தண்டவாளமும் சம்மட்டியும். ஸ்பேனரை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம்தானே கேட்க வேண்டும், வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை.

அவருக்குச் சாமான்கள் வந்தன. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போனால் நான் வேண்டியதைக் கேட்பேன், இல்லையென்றால் திரும்பிவிடுவேன். அவர் முதலில் உட்காருவார். கடைக்காரச் சீன அங்கிளின் முட்டிவலியை விசாரிப்பார். எங்கேயோ பொறுக்கிக்கொண்ட ஹொக்கியன் சீனத்தில் நாலு வார்த்தை பேசுவார். கிளம்பும்போது தனக்கு வேண்டிய சாமானை ஒரு தாளில் அளவோடு படமாக வரைந்து கொடுத்துவிட்டு வருவார். கிள்ளானில் நான் நுழைந்த மூன்று கடைகளில் அவருடைய படம் சுவரில் ஒட்டியிருந்தது. என்ன அழகான கோடுகள். கிழித்துப் போடலாமா என்றிருந்தது.

காப்ரேட்டர் விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. அந்த லோரி எஞ்சினுக்கு உரிய காப்ரேட்டரை எட்டு மாதம் தேடினேன். கடைசியில் மேரு சாலைப் பக்கம் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஓடினேன். நேற்றுத்தான் உங்கள் ஆள் வந்து எடுத்துப் போனார் என்றார் அங்கிள். எந்த ஆள் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்களும் தேடுறீங்கன்னு அங்கிள் சொன்னாரு. எடுத்துக்குங்க லா மச்சான். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்கே திகைப்பாக இருந்தது, அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. என் லோரியைப் பார்க்க வருகிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் வேலை, காய்ச்சல், பேரப்பிள்ளை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தட்டிக் கழித்தேன். காப்ரேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன்.

அவருடைய லோரி இரண்டு வருடத்தில் தயாராகிவிட்டது. ஷா ஆலத்தில் தொழிற்சாலை வரிசை ஒன்றில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூசை போட்டார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். லோரி பச்சை வெல்வெட் மாதிரி நின்றது. என் மனைவி அதன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, நம்முடையது எப்போது இப்படி ஆகும் என்று கேட்டாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். என் தங்கை பூசணிக்காயை எடுத்து லோரியை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே என்னைக் கடந்து போனபோது நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு லோரியைத் தனியாகச் சுற்றி வந்தேன். ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்றுதான் பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது. வெல்டிங் சுத்தம். பலகை சுத்தம். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தபோது அகப்பட்டது.

அந்தக் காலத்து ராணுவச் சக்கரத்தில் ரிம் ஒரே துண்டாக இருக்காது. இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஆகவே சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும். சக்கரத்தைக் கழற்ற அதை அவிழ்த்தால் போதும். வெளிவட்டம் ரிம்மின் இரண்டு பாதிகளையும் பிடித்திருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அதில் கை வைத்தால் ரிம் பிளந்து, எதிரில் இருப்பவரின் தலை போய்விடும். அதனால்தான் வெளிவட்ட நட்டுகளுக்கு ராணுவத்தில் சிவப்பு அடிப்பார்கள். என் சக்கரங்களை நான் கையால் சுரண்டினேன். துருவுக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மணல் பீய்ச்சித் துருவெடுக்கும் பட்டறை ஆட்களையே வரவழைத்து, சக்கரங்களைக் கழற்றுவதையும் திரும்ப மாட்டுவதையும் அவர்களிடமே விட்டுவிட்டார். அவர் கண்ணில் படுமுன்னே சிவப்பும் துருவோடு போய்விட்டது. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சையாக, அழகாக அடித்திருந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைந்த சந்தோஷம். பத்து நாளில் கிள்ளானில் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் கூடுகிறார்கள். அங்கே ராணுவ வண்டிகளையே கரைத்துக் குடித்தவர்கள் வருவார்கள். அவர்கள் பார்க்கட்டும், நாலு பேர் முன்னால் சொல்லட்டும், இவர் முகம் போகிற போக்கை நான் ஓரமாக நின்று ரசிக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். நல்ல நாளும் அதுவுமாக வீட்டு மாப்பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு மரியாதைக் காரணமும் சொல்லிக்கொண்டேன். டயர் வேலையைக் கடையில்தான் கொடுப்பார், அவரே கை வைக்கமாட்டார் என்றும் சொல்லிக்கொண்டேன். பிறகு போய் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும், பட்டறையில் தங்கையின் போன் வந்தது. சாதாரணமாகத்தான் பேசினாள். முன்பக்க டயர் ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்குகிறதாம். சக்கரத்தைத் தானே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகிறேன் என்று அவர் விடியற்காலையே கிளம்பிவிட்டாராம். போனைக் காரிலேயே போட்டுவிடுவது அவர் பழக்கம், எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வர முடியுமா அண்ணே என்று கேட்டாள்.

காற்று முழுதும் இறங்கிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, கொஞ்சம்தான் என்றாள்.

யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லோரிகள் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தன. அவருக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அந்தப் பச்சை நட்டுகள்தான் கண்முன் வந்தன. உள்வட்டம், வெளிவட்டம், இரண்டும் ஒரே நிறம். பாதி வாய்ப்பு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். உள்வட்டத்தை எடுத்திருக்க வேண்டும் என்று எந்தத் தெய்வத்தையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். என் தங்கை வாழ்க்கையை நான் என்ன செய்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. அவர் முக்காலி போட்டுச் சக்கரத்துக்கு நேராக, முகம் டயரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருக்க, உட்கார்ந்திருந்தார். தரையில் விரித்த நாளிதழின் மேல் நாலு நட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். வெளிவட்டத்து நட்டுகள். ஐந்தாவதில் ஸ்பேனர் மாட்டியிருந்தது.

"மாப்பிள்ளை, கையை எடுங்க. எழுந்திருச்சு பக்கவாட்டுல வாங்க."

என் குரல் எப்படி இருந்ததோ, ஏன் என்று கேட்காமல் எழுந்து வந்தார். நான் சக்கரத்துக்கு எதிரில் போகாமல் ஓரமாகப் படுத்து, கையை நீட்டி, வால்வின் ஊசியைக் கழற்றினேன். காற்று சீறிக்கொண்டு வெகுநேரம் போனது. இரண்டு பேரும் சுவரோரம் நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். டயர் தொய்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். சிவப்பு, இரண்டு பாதி, எல்லாம். அவர் முக்காலியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வரைபடத்தில் தப்பு எங்கே என்று தேடுகிறவரின் பார்வை அது.

"அப்ப நீங்க சக்கரத்துகிட்டயே வரல. வாசல்லேருந்தே கத்துனீங்க. இதுக்குப் பச்சை அடிச்சிருக்கேன்னு எப்ப பார்த்தீங்க மச்சான்?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னிடம் பொய்க்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அன்றைக்கு உண்மைதான் வாயில் வந்தது.

"பூசை அன்னிக்கு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வெளியே போய்க் குழாயில் கை கழுவினார். கையில் இல்லாத எண்ணெயையெல்லாம் கழுவுகிற மாதிரி நெடுநேரம் தேய்த்தார். காரிலிருந்த போன் அடிக்கவும், எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். என் தங்கை. அண்ணன் வந்தாரா என்று கேட்டாள்.

"வந்துட்டாரு. தப்பான நட்டைக் கழட்டிட்டு இருந்தேன். அவரு வரலைன்னா நான் இன்னிக்கு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாக்கியம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்தாள். போனை அண்ணனிடம் கொடுங்கள் என்றாள். அவர் என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன். சொன்ன உடனே ஓடி வந்தீங்களே. இந்த மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைக்கும்."

அழாதேம்மா, வைக்கிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாளிதழிலிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டின்னில் போட்டுக்கொண்டிருந்தார்.

என் தங்கைக்கு இன்று வரைக்கும் மீதி தெரியாது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். என் பக்கம் திரும்பமாட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். லோரி மீதிருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. இப்போது எனக்குப் பொறாமை அவர் வாயைத் திறக்காமல் இருப்பதன் மீது.