அண்ணை நிலத்தில் அடுக்கிய ஸ்பானியக் கதைகள்

எங்கள் வீட்டில் எழுதுகிற ஆள் அண்ணைதான். அவரைப் பற்றி எழுத இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை பருத்தித்துறையில் பிறந்தார். எங்கள் தகப்பனார் வேளைக்கே காலமாகிவிட்டார். கணக்கியல் படிக்க லண்டன் வந்த அண்ணை, ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். கூடக் கழுவியவர்கள் ஸ்பெயினில் இருந்து வந்த பெண்கள். வேலையோடு வேலையாக ஊர்க்கதை சொல்வார்களாம். அண்ணை பாஷை விளங்காமலே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு பாஷையைப் படித்தார். கணக்கியலை விட்டார். அந்த மொழியிலேயே டொக்டர் பட்டம் எடுத்துக் கல்லூரியில் படிப்பித்தார். என்னை இங்கே கூப்பிட்டவரும் அவர்தான். கலியாணம் செய்யவில்லை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மேல் அறையில் இருந்தார்.

நான் பெற்றோல் ஸ்டேசனில் வேலை. "அங்கை வாற சனத்தின்ரை கதையளை எழுதி வைச்சிருந்தால் நீயும் டொக்டர்தான்ரா" என்பார்.

"அப்ப நீங்கள் வந்து ஷிப்ட்டைப் பாருங்கோ, நான் எழுதிறன்" என்பேன்.

புது நூற்றாண்டு பிறந்த கையோடு ஓய்வு எடுத்தார். புத்தகம் தொடங்கினார். ஒரே கதை ஸ்பெயினில் ஊருக்கு ஊர் எப்படி மாறியது, எந்தச் சனத்தோடு எந்த வழியால் போனது என்பதுதான் விஷயம். கடதாசித் துண்டுகளில் எழுதி அறை நிலம் முழுக்க வரிசையாகப் பரப்புவார். மாற்றி மாற்றி வைப்பார். இலக்கம் போடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டது. ஆறு கிழமை ஆஸ்பத்திரி.

அவர் வீட்டுக்கு வருமுன் அறையைத் துப்பரவாக்கப் போனோம். "என்னப்பா இது, எழுத்துள்ள கடதாசியெல்லாம் காலுக்கை கிடக்குது. சரஸ்வதியெல்லே" என்றார் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றி, பெரிது சிறிதாகப் பிரித்து ஏழு சப்பாத்துப் பெட்டியில் போட்டோம். கார்ப்பெற்றையும் கழுவினோம்.

அண்ணையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டோம். நிலத்தைப் பார்த்தார். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. "பாத்தியளே, அவருக்குச் சந்தோசம்" என்றார் மனைவி. பிறகுதான் கண்ணீரைக் கண்டோம்.

குசினியில் அவரோடு வேலை செய்த கார்மென் அம்மா மறுநாள் பார்க்க வந்தார். பெட்டிகளைக் கண்டதும் தலையில் கை வைத்தார். ஒவ்வொரு வரிசையும் ஒரு அத்தியாயம் என்று அண்ணை அவருக்குச் சொல்லியிருந்தாராம். ஒழுங்குதான் புத்தகமாம். அது வேறு எங்கேயும் எழுதப்படவில்லையாம்.

திரும்ப அடுக்கப் பார்த்தோம். நான் ஒரு துண்டைத் தூக்கிப் பிடிப்பேன். அண்ணை இடது விரலால் இடம் காட்டுவார். வைத்தால் இல்லை என்று தலையை ஆட்டுவார். எடுத்து வேறு இடத்தில் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் களைத்துவிடும். எனக்கு அந்த ஸ்பானிய எழுத்து வாசிக்க ஏலாது; கார்மென் அம்மா வாசித்தாலும் ஒழுங்கு அண்ணைக்குத்தான் தெரியும். இரண்டு மாதத்தில் ஒரு வரிசைதான் முடிந்தது.

ஒருநாள், "அண்ணை, என்னிலை கோவமோ?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அது ஓமோ இல்லையோ என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தக் கிழமையே போய்விட்டார்.

அவரோடு கல்லூரியில் படிப்பித்த பேராசிரியர் ஒருவர் வந்து பெட்டிகளைப் பார்த்தார். தன்னாலும் ஏலாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்.

ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், அந்த இரண்டு மாதமும் சாப்பாடு கொண்டுவந்த குட்மேய்ஸில் இருக்கிற மச்சாள் வீட்டாருக்கும், முடியாத காலோடு இரண்டு ரயில் மாறி வந்த கார்மென் அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

திவசத்துக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேல் அறைக் கதவைத் திறக்க வேண்டாம். அந்த ஒரு வரிசை நிலத்தில்தான் இருக்கிறது. காற்றுப் பட்டால் எனக்குத் திரும்ப வைக்கத் தெரியாது.

தம்பி